வடக்குப் பார்த்த பல்கனியில் தக்காளி காய்க்குமா?

2 டிசம்பர் 2023

கல்முனையில் இருக்கிறேன். தொடர்மாடியில் இரண்டாம் மாடி. பல்கனி பத்தடி நீளம், நாலடி அகலம், வடக்குப் பார்த்தது. தக்காளி, கொச்சிக்காய், வெண்டி வைக்க ஆசை. மனைவிக்கு ரோசா வேண்டுமாம். மரக்கறிக்குப் போகிற காசில் பாதியாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

3 டிசம்பர் 2023, காலை

தக்காளி காய்க்காது தம்பி. காசும் மிஞ்சாது. ரோசாவைப் பற்றி மறுகா சொல்றேன்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் மூன்றாம் மாடி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். பல்கனி உங்களுடையது மாதிரியேதான், வடக்குப் பார்த்தது, ஒன்பதரை அடி. 2022 ஆனியில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்களே, அந்த லீவில் தொடங்கினது. முதல் நாலு வெள்ளியும் பெற்றோல் வரிசையில் போயிற்று. ஐந்தாவது வெள்ளி மூன்று தக்காளிக் கன்றோடு வீட்டுக்கு வந்தேன். அன்றையிலிருந்து இன்றுவரை என் பல்கனியில் பறித்த தக்காளி மொத்தம் பதினொன்று. எண்ணி வைத்திருக்கிறேன், ஏனென்றால் எண்ணக்கூடிய அளவில்தான் வந்தது.

காரணம் உப்பு. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பல்கனிக் கதவுக் கண்ணாடியில் விரலால் இழுத்துப் பாருங்கள், கோடு விழும். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். இலைக்கும் அதேதான் நடக்கிறது. முதலில் ஓரம் மண்ணிறமாகும், மறுகா இலை கிண்ணம் மாதிரி உள்ளே மடியும். விடியப்புறம் நல்ல தண்ணீர் தெளித்து இலையைக் கழுவிவிட்டால் ஒள்ளுப்பம் தாங்கும். தினமும் யார் கழுவுவது?

3 டிசம்பர், இரவு

"காய்க்காது" என்று வெட்டி எழுதினதற்கு இவர், என் வீட்டுக்காரர், ஏசுகிறார். பதினொன்று காய்த்ததுதானே, பொய் எழுதாதே என்கிறார். சரி, காய்க்கும். கறிக்குக் காணாது.

17 டிசம்பர் 2023

மண் என்ன போடுவது என்று கேட்டிருந்தீங்க. தனி மண் போட வேண்டாம். 25 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றில் மண்ணை நிரப்பி நனைத்தால் கிட்டத்தட்ட 40 கிலோ. பன்னிரண்டு வாளி அடுக்கினால் 480 கிலோ. வளர்ந்த எருமைக் கடா ஒன்றைப் பல்கனியில் கட்டின கணக்கு. பல்கனி கட்டிடத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற சாமான், நுனியில் பாரம் ஏற ஏற அது சுவரோடு சேர்கிற இடத்துக்குத்தான் இழுவை. பாரமான வாளிகளைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், கிறில் பக்கம் சின்னச் சட்டிகள் மட்டும்.

நான் இப்போது போடுவது பாதி தும்புத்தூள், கால் பங்கு கூட்டெரு, கால் பங்கு மண். பாரம் குறையும், தண்ணீரும் பிடித்து நிற்கும். ஆனால் தும்புத்தூளில் நான் மாட்டுப்பட்ட கதை ஒன்று இருக்கு.

வாவிக்கரைப் பக்கம் மட்டை ஊறப்போட்டுத் தும்பு அடிக்கிற ஒருவரிடம் மூன்று உரப்பை நிறையத் தூள் எடுத்து வந்தேன், சும்மா தந்தார். சும்மா கிடைத்த சந்தோசத்தில் அப்படியே வாளியில் கொட்டிப் பயிற்றை விதை போட்டேன். முளைத்தது. இரண்டு இலை வந்தது. நாலாம் இலை வரும்போது கீழ் இலை நுனி கருகத் தொடங்கிற்று. கடல் காற்றுத்தான் என்று கழுவிக் கழுவிப் பார்த்தேன். ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தா. வாளியில் இருந்து ஒரு கிள்ளுத் தூளை எடுத்து வாயில் போட்டா.

"கறிக்கு உப்பாப் போடலாம் புள்ள, இதுல என்னத்த நட்டிரிக்காய்?"

உவர்த்தண்ணியில் ஊறின மட்டை. உப்பு தூளுக்குள்ளேயே இருந்திருக்கு. இப்போது தும்புத்தூள் எங்கே வாங்கினாலும் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து, மறுகா ஊறவைத்துப் பிழிந்து, மூன்றாம் தண்ணியை நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாளிக்குள் போடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தும்பு தின்கிற அன்ரி என்று சொல்கிறார்களாம்.

மில்லில் பச்சை உமி மலிவாகக் கிடைக்கும். அதையும் நேரே போடாதீங்க. உக்கிப்போவதற்கு மண்ணில் இருக்கிற நைதரசனை இழுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகி நிற்கும். கருக்கின உமி நல்லது, இலேசு.

19 ஜனவரி 2024

பொங்கலுக்கு முன்பிருந்து மழை. ஊரில் அம்மா வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இங்கே பல்கனிக்குள் மழை கிடையாகத்தான் வருகிறது, வடக்கிலிருந்து. வெண்டி சரிந்துவிட்டது. கொச்சிக்காய் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு நிற்பது இரண்டே இரண்டு, பட்டிப்பூவும் கடதாசிப்பூவும். உப்புக் காற்றுக்கு இந்த இரண்டையும் அடிக்க ஆளில்லை.

20 ஜனவரி

கரட் கிலோ 2000 ரூபாயைத் தாண்டியிருக்கும்போது பல்கனியில் கரட் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். போட்டேன், போன வருடம். நுவரெலியாக் குளிரில் வளர்கிற சாமான். எனக்கு வந்தது சுண்டு விரல் தடிப்பில், இரண்டு கால் முளைத்த ஒரு உருவம். மகன் அதற்குக் கண் மூக்கு வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான். விலைப்படி பார்த்தால் அவன் கொண்டுபோனது ஒரு இருபது ரூபாய்.

11 பெப்ரவரி 2024

ஒரு விசயம் முதலே எழுதியிருக்க வேண்டும். சட்டிக்குக் கீழே வைக்கிற தட்டு.

எங்கள் ஊரில் தயிர்ச்சட்டிக்குப் பஞ்சமில்லை. எருமைத் தயிர் வாங்கி முடிந்த சட்டிகள் வீட்டில் இருபதுக்கு மேல் கிடந்தது. கன்று போட அருமையான சாமான், மண்சட்டி மூச்சு விடும். ஓட்டை போட ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து, ஆணியை மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். காய்ந்த சட்டியில் தட்டினால் இரண்டாகப் போகும். நான் செய்த பிழை, ஓட்டை போடாத சட்டிகளை வாளிகளுக்குக் கீழே தட்டாக வைத்தது. கீழ் வீட்டுக்குத் தண்ணீர் வடியக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

போன புதன் டெங்கு பார்க்க வந்தார்கள். நான் பிளேன்ரீ ஊற்றப் போன நேரத்தில் வந்தவர் டோர்ச் அடித்து ஒரு சட்டியைச் சாய்த்தார். "அக்கா, ஒருக்கா வந்து பாருங்க." குடம்பிகள் வால் அடித்து அடித்துக் கீழே போய் மேலே வருது. ஏழு சட்டியில் ஐந்தில். முட்டை பொரித்துப் பறக்க ஏழு தொடக்கம் பத்து நாள் போதும், கிழமைக்கு ஒரு தடவை கொட்டி உரஞ்சினால் பிரச்சினை இல்லை என்று விளக்கினார். உரஞ்ச வேண்டும், கொட்டினால் மட்டும் காணாது, முட்டை சட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கே போடலாம் என்பதையும் பணிவாகச் சொன்னார். போடவில்லை. பிளேன்ரீயும் குடிக்கவில்லை.

இப்போது தட்டுக்குள் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றாவிட்டால் நுளம்புக்கு இடமில்லை.

24 மார்ச் 2024

கீழ் வீட்டில் காத்தான்குடி ராத்தா ஒருவர் இருக்கிறா. ஒரு வருடமாக என்னோடு பேச்சில்லை. அவவின் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை ஒன்றில் என் வாளித் தண்ணீர் சொட்டி, தும்புச் சாயம் பிடித்துத் தேநீர் நிறத்தில் வட்டம் வட்டமாக வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சட்டையாம். குற்றம் என்னுடையதுதான், மறுத்ததில்லை. சட்டை வாங்கிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

இப்போது நோன்பு. போன கிழமை கதவு தட்டிற்று. "தங்கச்சி, ரம்பை ரெண்டு இலை தாங்களன், கஞ்சிக்கு." மேலே எட்டிப் பார்த்திருக்கிறா, ரம்பை கிறில் கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்குது. எட்டு இலை வெட்டிக் கொடுத்தேன். அந்தியில் ஒரு கோப்பை கஞ்சி மேலே வந்தது. இப்போது தினமும் இலை கீழே போகிறது, கஞ்சி மேலே வருகிறது.

தம்பி, உங்கள் பட்டியலில் ரம்பையும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. வெயில் கேட்டு அழாத சாமான் ரம்பை. முதலில் அதை வையுங்கள்.

9 ஏப்ரல் 2024

மேலே 3 டிசம்பரில் உப்புத்தான் காரணம் என்று எழுதினது பாதிப் பிழை. இன்றைக்கு இதை விளக்கமாக எழுத வேண்டும், ஏனென்றால் வடக்குப் பல்கனிக்காரர் எல்லாரும் ஒரே முட்டாள்தனத்தைச் செய்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே என்று செய்தியில் சொல்வார்கள். வெக்கைக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். இன்று பகல் பன்னிரண்டு மணியளவில் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போனேன். கொடிக்கம்பியின் இரும்புத் தூணுக்கு நிழலே இல்லை. தூணின் அடியைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். நின்று யோசித்தேன். இன்று உச்சியில் என்றால் நாளையிலிருந்து?

நாளையிலிருந்து வடக்கே. மட்டக்களப்பு பூமத்திய ரேகையிலிருந்து 7.7 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் ஆனியில் 23.4 பாகை வரை வடக்கே போய்த் திரும்பி, செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடி எங்கள் உச்சிக்கு வரும். அதாவது இன்றிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதம் வடக்குச் சுவருக்குக் காலையிலிருந்து மாலை வரை வெயில். செப்டம்பர் கடைசியில் தெற்கே இறங்கினால் மார்ச் கடைசி வரை ஒரு துளி நேர் வெயிலும் வடக்குப் பல்கனிக்குக் கிடையாது.

அந்த முதல் மூன்று கன்றை விட்டால், நான் எப்போது கன்று வைத்தேன்? ஊரில் எல்லாரும் வைக்கிற மாதிரி, மாரி தொடங்க, ஐப்பசியில். வயலுக்கும் வளவுக்கும் சரியான காலம். என் பல்கனிக்கு வெயில் கதவைச் சாத்திவிட்டுப் போன அடுத்த கிழமை. ஆறு மாதம் இருட்டில் தக்காளியை நிறுத்தி வைத்துவிட்டு, கடலுக்குப் பழி போட்டிருக்கிறேன்.

மேல் வீட்டுப் பல்கனி எங்களுக்குக் கூரை மாதிரி, ஒன்பது அடி உயரத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மகனின் முக்கோணக் கணக்குக் கொப்பியின் உதவியோடு. ஆனி நடுப்பகலில் வெயில் தரையில் இரண்டரை அடிதான் உள்ளே வரும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதால் இன்னும் உள்ளே போகும். ஆகவே வெயில் கேட்கிற செடி கிறில் ஓரம், கேட்காதது சுவர் ஓரம். பாரமானதைச் சுவரோடு வையுங்கள் என்று மேலே எழுதினதும் இதுவும் முட்டுப்படுகிறது, தெரிகிறது. பாரம் குறைந்த கலவை போட்டால் இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு.

தெற்குப் பல்கனிக்காரருக்கு மார்கழியில் அதே ஒன்பதடிக் கூரைக்குக் கீழே ஐந்தடிக்கு மேல் வெயில் உள்ளே வரும். நாலடிப் பல்கனி முழுக்க. கொடுத்துவைத்தவர்கள்.

கல்முனைக்கும் இதே கணக்குத்தான், கொஞ்சம் தெற்கே என்பதால் ஒரு நாள் முன்பின்னாக இருக்கும். இன்றைக்கே தக்காளி வையுங்கள் தம்பி. நானும் வைக்கிறேன். காய்க்கும்.

26 மே 2024

காய்க்கவில்லை.

செடி வளர்ந்தது, அதைச் சொல்ல வேண்டும். தண்டு பெருவிரல் தடிப்பு, இலை கரும் பச்சை, பூ கொத்துக் கொத்தாக மஞ்சள். விடியப்புறம் போய்ப் பார்த்தால் பூ காம்போடு கழன்று தரையில். காம்பில் ஒரு முட்டி மாதிரி இருக்குமே, சரியாக அந்த இடத்தில் முறிந்து விழுகிறது. ஒரு நாள் கூட்டிப் பெருக்கினேன், நாற்பதுக்கு மேல்.

விவசாயம் படித்த ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். இரவிலும் வெக்கை 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் பெரிய தக்காளியின் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பிஞ்சு பிடிக்காது என்றார். வைகாசியில் இங்கே எந்த இரவில் இறங்குது? அதுவும் கச்சான் தொடங்கிவிட்டது. தென்மேற்கில் மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்று. எங்களுக்குத் தருவது சூடு மட்டும்.

ஆகக் கணக்கு இப்படி. தக்காளிக்குப் பிடித்த குளிர் காலத்தில் வடக்குப் பல்கனிக்கு வெயில் இல்லை. வெயில் வரும் காலத்தில் தக்காளிக்குப் பிடித்த குளிர் இல்லை. டிசம்பரில் "காய்க்காது" என்று சொன்னது சரிதான், சொன்ன காரணம்தான் பிழை. சின்னச் சாதித் தக்காளி இந்தச் சூட்டையும் கொஞ்சம் தாங்கும் என்றார் அவர். அதில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இன்னொரு அடியும் விழுந்தது. கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போய்க் குளிர்த்தி முடிய இரண்டு நாள் நின்றேன். அம்மனைக் குளிரப் பண்ணிவிட்டு வந்தால் வீட்டில் செடி வெந்துபோய் நிற்குது. இவரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். ஊற்றினார், ஊற்றவில்லை என்று சொல்ல முடியாது. பகல் ஒரு மணிக்கு, மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கியிலிருந்து நேரே வருகிற குழாய்த் தண்ணீரை. அந்த நேரத்தில் அதில் தேயிலை போட்டால் சாயம் இறங்கும்.

அதில் இரண்டு செடி பிழைத்தது. பிழைத்ததில் ஒன்று மூன்று நாள் கழித்து மறுபடி வாடியது. இலை பச்சையாகவே இருக்குது, ஆனால் துவண்டு தொங்குது. அந்திக்கும் நிமிரவில்லை. தண்ணீர் காணாதாக்கும் என்று நானும் ஊற்றோ ஊற்றென்று ஊற்றினேன். அலுவலகத்து ஆள் சொன்னபடி தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முகம் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. மறுகா வெட்டின இடத்திலிருந்து வெள்ளை நூல் ஒன்று நேரே கீழே இறங்கிற்று, பால் போத்தலில் ஓட்டை விழுந்த மாதிரி. பக்ரீரியா வாடல். அம்மாவின் கத்தரிப் பாத்தியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ஒரு பை மண்ணில்தான் அது வந்திருக்க வேண்டும். மற்ற வாளிகளில் அந்த மண் போடவில்லை, அவற்றில் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாளியில் இனிக் கத்தரியும் இல்லை, கொச்சிக்காயும் இல்லை, தக்காளியும் இல்லை. மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கும் வரும். கையில் இருந்த பாகல் விதை இரண்டைப் போட்டுவிட்டேன்.

9 ஜூன் 2024

மீன் கழிவும் சிவப்புச் சீனியும் சம அளவு போத்தலில் போட்டு மூடிவைத்தால் அருமையான பசளை என்று சொல்வார்கள். உண்மை. போத்தல் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதும் உண்மை. கச்சான் வெக்கையில் பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அது வெடித்தது. இவர் எழும்பி லைற் போட்டுவிட்டுப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. நாலு நாள் கட்டிடத்தில் ஆறு பூனை. ராத்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, ரம்பை இலை இப்போது பத்தாகக் கூடியிருக்குது.

14 ஜூலை 2024

பாகல்.

இதைத்தான் நான் டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாடல் வந்த வாளியில் போட்ட அந்த இரண்டு விதையில் ஒன்றுதான் முளைத்தது. கிறில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினது, இப்போது மேல் வீட்டுக் கம்பியையும் தொட்டுவிட்டது. கச்சானுக்குப் பின்னேரம் சோர்கிறது, தண்ணீர் ஊற்றினால் விடியப்புறம் நிமிர்ந்து நிற்கிறது. வடக்கு வெயில் முழுவதையும் இதுவே குடிக்கிறது.

முதல் இருபது நாள் பூத்துப் பூத்து உதிர்ந்ததே தவிர ஒரு காயும் இல்லை. தக்காளிக் கதைதான் மறுபடியும் என்று மனம் விட்டுப்போனேன். மறுகா பூவை உற்றுப் பார்த்தேன். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, வெறும் காம்பில் நிற்கும். பெண் பூவுக்குப் பின்னால் முள்ளோடு கூடிய குட்டிப் பாகற்காய் ஒன்று, அரிசி அளவிலிருந்து நகத்தளவு. அந்த வடிவம் பிறக்கும்போதே இருக்கிறது. பெண் பூ வந்த பிறகும் மூன்று நாளில் அந்தக் குட்டி மஞ்சளாகிச் சுருண்டது. தேனீ மூன்றாம் மாடிக்கு வரவில்லை.

இப்போது தினமும் காலை ஆறரைக்கு, மகனை எழுப்பிவிட்டு, சோறு அடுப்பில் இருக்கிற நேரம், ஒரு ஆண் பூவைக் கிள்ளி இதழ்களைப் பின்னால் மடித்து, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுகிறேன். பச்சை நிறத்தில் மூன்று பிரிவாக இருக்கும், அதில். விரலில் மஞ்சள் ஒட்டும். மூன்று நாளில் தெரிந்துவிடும், காம்பு நிமிர்ந்து நின்றால் வெறும் பூ, பாரம் ஏறித் தொங்கினால் பிடித்துவிட்டது.

காய் பெருவிரல் அளவு வந்ததும் பழைய பேப்பரைச் சுருட்டிக் கூடு போட வேண்டும். தேனீ வராத மூன்றாம் மாடிக்குப் பழ ஈ மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது.

15 ஜூலை

பயிற்றைக்கும் இப்படித் தடவ வேண்டுமா என்று கேட்கிறாங்க. இல்லை. அது பூவுக்குள்ளேயே தன் வேலையை முடித்துக்கொள்ளும். தக்காளி, கத்தரி என்றால் பூக்கொத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும்.

1 செப்டம்பர் 2024

தம்பி காசுக் கணக்குக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார். சரி.

இந்த வருடம் செலவு 7,850 ரூபாய். வாளி, கூட்டெரு, தும்புத்தூள் (சும்மா கிடைத்ததற்கும் ஓட்டோக் காசு), விதை, கன்று, வெடித்த போத்தலுக்குள் இருந்த சீனி. வரவு: பாகற்காய் 23. சின்னத் தக்காளி இரண்டு கோப்பை. கொச்சிக்காய் வாரம் ஒரு பிடி, மே தொடக்கம் இன்றுவரை, இலை சுருண்ட மூன்று கிழமை தவிர. வெண்டி பதினான்கு, அதில் ஆறு முற்றிவிட்டது. பயிற்றை நாலு கறிக்கு. பொன்னாங்காணியும் வல்லாரையும் எத்தனை முறை வெட்டினேன் என்று கணக்கில்லை, சுவர் ஓர நிழலில் தயிர்ச்சட்டியில் அதுபாட்டுக்கு வருகிறது.

பாகற்காயைச் சந்தை விலைக்கு வாங்கியிருந்தால் மலிவு. உண்மையில் என் பையில் காசு நின்றது மூன்று சாமானில்: ரம்பை, கறிவேப்பிலை, கொச்சிக்காய். நாலு இலைக்காகவும் இரண்டு காய்க்காகவும் கடைக்குப் போய், போன இடத்தில் பிஸ்கட்டும் சோடாவும் வாங்கி வருகிற வேலை இல்லை. பாதிச் செலவு மிஞ்சும் என்ற உங்கள் கணக்கை மட்டும் கிழித்துப் போடுங்கள். பன்னிரண்டு வாளியில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது.

நாளையோடு சூரியன் உச்சி தாண்டித் தெற்கே போகிறது. பாகலின் கீழ் இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன.

29 நவம்பர் 2024

மூன்று நாள் விடாத மழை, காற்று. 26 ஆம் திகதி இரவே எல்லா வாளியையும் உள்ளே இழுத்துவிட்டோம். ஹோலில் நடக்க இடமில்லை. இவர் ஒரு கையில் ரெலிபோன் டோர்ச்சோடு கறிவேப்பிலைக்கும் கதிரைக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கரன்ற் இன்று காலைதான் வந்தது. அம்மாவை 25 ஆம் திகதியே இங்கே கூட்டி வந்துவிட்டேன், ஊர்ப் பாதையில் தண்ணீர்.

தம்பி, ரோசாவைப் பற்றி மறுகா சொல்றேன் என்று எழுதி ஒரு வருடம் ஆகுது. வெட்கத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

2022 இல் வண்டியில் பூக்கன்று விற்றவரிடம் ஒரு ஒட்டு ரோசா வாங்கினேன், அடுக்கு இதழ், இரத்தச் சிவப்பு. வாங்கி வரும்போது இருந்த இரண்டு பூவோடு சரி. ஆனால் செடி என்றால் அப்படியொரு செடி. உப்புக்கும் அசையவில்லை, கச்சானுக்கும் அசையவில்லை. கொப்பு கொப்பாக ஆறடிக்கு ஓடிற்று. இலை பளபளவென்று. பூ இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இரண்டரை வருடம் மீன் தண்ணியும் முட்டைக் கோதும் போட்டு வளர்த்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

நேற்று கரன்ற் இல்லாத பகலில் அம்மா செய்ய வேலை இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தா. அடித்தண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"புள்ள, ஒட்டின முடிச்சு இஞ்ச இரிக்கு. மேல் கொப்பு எப்பவோ பட்டுப்போச்சு. நீ இவ்வளவு நாளும் கீழ்க்கட்டைக்குத்தான்கா தண்ணி ஊத்தியிரிக்காய்."

குனிந்து பார்த்தேன். முடிச்சுக்கு மேலே ஒரு சாண் காய்ந்த குச்சி. நான் கொண்டாடின கொப்பெல்லாம் முடிச்சுக்குக் கீழே இருந்து கிளம்பினது. வாங்கும்போது ஒரு இலைக்காம்பில் ஐந்து சிறு இலை இருந்தது ஞாபகம். இதில் ஏழு.

மனைவிக்கு ரோசா வாங்கப் போனால் முடிச்சு எங்கே என்று முதலில் பாருங்க. அதை மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி வையுங்க. அதற்குக் கீழே இருந்து வருகிற எதையும் அன்றைக்கே கிள்ளிவிடுங்க.

வெட்டி எறியப் போனேன், அம்மா விடவில்லை. வேர் நல்ல வேராம். ஊரில் அவவின் பன்னீர் ரோசா வெள்ளத்தில் தப்பியிருந்தால் தண்ணீர் வடிந்தபின் ஒரு கண் எடுத்து வந்து இதில் ஒட்டித் தருகிறேன் என்கிறா. பிளேட் ஒன்றும் மெல்லிய பொலித்தீன் நாடாவும் வாங்கி வைக்கச் சொன்னா. நாளைக்குக் கடை திறந்தால் வாங்க வேண்டும்.